கேன்டீன் பக்கத்து அறை

எந்த ஆலைக்கு என்கொயரிக்குப் போனாலும் எனக்கு ஒதுக்கும் அறை கேன்டீனுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். டிரெய்னிங் ஹால் என்று பெயர்ப்பலகை தொங்கும். டிரெய்னிங் நடந்து பல வருஷம் ஆகியிருக்கும். ஒரு நீள மேஜை, நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் பாதுகாப்பு வாரத்துக்கு ஒட்டி மங்கிப்போன சுவரொட்டி. பதினொன்றரை மணிக்கு சாம்பார் தாளிக்கிற வாசனை வரும். அதற்கு மேல் சாட்சி சொல்கிறவருக்கும் மனசு இருக்காது, கேட்கிற எனக்கும் இருக்காது. கிட்டத்தட்ட முப்பது வருஷமாகக் கோயம்புத்தூரிலும் சுற்று வட்டாரத்திலும் எத்தனையோ பேருக்கு வேலை போனதும் நிலைத்ததும் அந்தத் தாளிப்பு வாசனைக்கு நடுவில்தான்.

நான் வழக்கறிஞன். தொழிலாளர் சட்டம் என் துறை. ஆனால் எனக்குச் சோறு போட்டது கோர்ட்டைவிட இந்த அறைகள்தான். ஒரு தொழிலாளி தப்பு செய்தார் என்று நிர்வாகம் நினைத்தால் சார்ஜ் மெமோ கொடுக்கும். அவர் விளக்கம் எழுதுவார். விளக்கம் திருப்தி தரவில்லை என்று நிர்வாகம் பதில் போடும். திருப்தி தந்த விளக்கம் ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. அதற்குப் பிறகு என்னை மாதிரி ஒரு வெளியாளை விசாரணை அதிகாரியாகப் போடுவார்கள். சிட்டிங்குக்கு இவ்வளவு என்று ஃபீஸ், அதைக் கொடுப்பது நிர்வாகம்.

“குத்தம் சொல்றதும் அவங்க, உங்களுக்குக் காசு குடுக்கறதும் அவங்க, அப்புறம் நீங்க எப்படீங்க நடுவுல நிக்க முடியும்?” என்று கேட்காத தொழிலாளி இல்லை. நிர்வாகத்திடம் பணம் வாங்கும் வழக்கறிஞர் விசாரித்தார் என்பதற்காக மட்டும் விசாரணை செல்லாமல் போகாது என்று உச்ச நீதிமன்றம் அறுபதுகளிலேயே சொல்லிவிட்டது. அந்தப் பதிலைச் சொல்லும்போது எதிராளி முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

முதல் சிட்டிங் எப்போதும் ஒரே மாதிரி. சார்ஜ் மெமோவைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். புரிந்ததா என்று கேட்க வேண்டும். உதவிக்கு சக தொழிலாளி யாரையாவது வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்க வேண்டும். பிறகு முக்கியமான கேள்வி: குற்றச்சாட்டை ஒப்புக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா? ஒற்றைச் சொல்லில் பதில் வேண்டும் என்று நாங்கள் எதிர்பார்ப்போம். எங்கள் பக்கத்து ஆட்கள் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல மாட்டார்கள். “ஆமாங்க சார், செஞ்சேன்… ஆனா…” என்று இழுப்பார்கள்.

அந்த ‘ஆனா’வை என்ன செய்வது என்பதுதான் இந்தத் தொழிலில் இருக்கிற ஒரே கஷ்டம். மற்றதெல்லாம் மூன்று மாதத்தில் கற்றுக்கொள்ளலாம்.

*

1997. எனக்கு அப்போது இந்த வேலை புதிது. ஒரு பஞ்சாலையில் ரிங் பிரேம் ஓட்டும் தொழிலாளி, முழு நைட் ஷிஃப்டில் விடியற்காலை மூன்றே முக்காலுக்குத் தூங்கிக்கொண்டிருந்தார் என்பது குற்றச்சாட்டு. இன்றைக்கு என்றால் சிசிடிவியில் இருக்கும், இல்லையென்றால் சூப்பர்வைசர் செல்போனில் படம் பிடித்திருப்பார். அன்றைக்கு வழக்கம் வேறு. தூங்குகிறவரை உடனே எழுப்ப மாட்டார்கள். தலைக்கு வைத்திருக்கும் துண்டை மெதுவாக உருவிக்கொண்டு போய் டைம் ஆபீசில் ஒப்படைப்பார்கள். பிறகு செக்யூரிட்டியைக் கூட்டிவந்து காட்டி, அதற்கப்புறம்தான் எழுப்புவார்கள். விசாரணையில் அந்தத் துண்டு சான்றுப் பொருளாக என் மேஜைக்கு வந்தது. நீல நிறக் கட்டம் போட்ட துண்டு. பஞ்சு ஒட்டியிருந்தது.

நான் கேட்டேன். அவர் சொன்னார்: “ஆமாங்க சார், கண்ணசந்துட்டேன். ஆனா அரை நைட்டும் நான்தாங்க பாத்தேன். ஆளு வரலை, நில்லுன்னு மேஸ்திரி சொன்னாருங்க.”

அரை நைட் என்பது சாயங்காலம் தொடங்கி நள்ளிரவு வரைக்கும் ஓடும் ஷிஃப்ட். முழு நைட் அதற்கப்புறம் விடிகிற வரைக்கும். இரண்டும் சேர்ந்தால் பதினாறு மணி நேரம். அன்றைய தொழிற்சாலைச் சட்டம் ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. அதற்கு மேல் என்றால் இரட்டைச் சம்பளம், அதற்கும் ஓர் உச்சவரம்பு. இதெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும். ஹாஜர் புத்தகத்தைப் புரட்டினேன். அதில் அவர் பெயருக்கு நேரே முழு நைட் மட்டும்தான் இருந்தது. அரை நைட்டில் ஒரு பதிலி பெயர் இருந்தது. அந்தப் பதிலியைக் கூப்பிடலாமே என்று எனக்குத் தோன்றியதா? தோன்றியது. ஆனால் குற்றச்சாட்டு ‘தூங்கினாரா’ என்பதுதான், ‘ஏன் தூங்கினார்’ என்பதில்லை என்று ஒரு சட்டப் பதிலும் கூடவே தோன்றியது. இரண்டாவது பதில் சுலபமாக இருந்தது. மணியும் பன்னிரண்டாகியிருந்தது.

டைப்பிஸ்டிடம் சொன்னேன்: “குற்றச்சாட்டை ஒப்புக்கொள்கிறேன். புள்ளி.”

அவர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள் என்று நான் சொன்னதையும் பதிவு செய்திருந்தேன். அறிக்கையை அனுப்பும் முன் சீனியரிடம் காட்டினேன். அவர் ஐந்து நிமிஷத்தில் படித்துவிட்டு, “கேஸ் ரொம்பச் சுத்தமா இருக்குது தம்பி. இவ்வளவு சுத்தமா இருந்தா எனக்குப் பயமா இருக்கும்” என்றார். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன். மூன்று வாரத்தில் அந்தத் தொழிலாளியை டிஸ்மிஸ் செய்துவிட்டார்கள்.

இதற்குப் பல வருஷம் கழித்து, 2005-இல், தூக்கம் பற்றி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்தது. புனேயின் பாரத் ஃபோர்ஜ் வழக்கு. வேலை நேரத்தில் ஒரு தொழிலாளி இரும்புத் தகட்டின் மேல் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். டிஸ்மிஸ் செய்தது சரிதான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பே அவர் மூன்று முறை தண்டனை வாங்கியவர் என்பதும் கணக்கில் வந்தது. அந்தத் தீர்ப்பு வந்ததிலிருந்து எந்த மில்லில் யார் கண்ணை மூடினாலும் மனிதவள அதிகாரிகள் அதை ஜெராக்ஸ் எடுத்து எனக்கு நீட்டுகிறார்கள். முந்தைய மூன்று முறை என்று வரும் பத்தியை மட்டும் யாரும் படிப்பதில்லை.

*

அந்த நீலத் துண்டுக்காரர் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார். விசாரணை முறையாக நடந்ததா என்று முதலில் பார்ப்பார்கள். அதற்கு விசாரணை அதிகாரியையே சாட்சியாகக் கூப்பிடுவது வழக்கம். கூண்டில் நின்றேன். தொழிலாளி தரப்பு வக்கீல், வயதானவர், தொழிற்சங்கத்துக்காரர், ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

“இவர் எத்தனை மணி நேரமா வேலையில இருந்தார்னு நீங்க கேட்டீங்களா?”

“அது குற்றச்சாட்டில் இல்லை.”

“அவர் உங்ககிட்டச் சொன்னாரா?”

நான் சிறிது நேரம் பேசாமல் நின்றேன். பொய் சொல்லியிருக்கலாம். பதிவேட்டில் புள்ளி இருந்தது, கையெழுத்து இருந்தது. எப்படியோ, “சொன்னதாக ஞாபகம்” என்று வாயில் வந்துவிட்டது. நிர்வாகத் தரப்பு வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

அன்றைய தொழில் தகராறுகள் சட்டத்தில் 11ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. 1971-இல் சேர்த்தது. அதற்கு முன்பெல்லாம் விசாரணை ஒழுங்காக நடந்திருந்தால் தண்டனையில் கை வைக்க நீதிமன்றத்துக்கு வழி குறைவு. 11ஏ வந்த பிறகு, குற்றம் உண்மையாகவே இருந்தாலும் தண்டனை அதிகப்படி என்று நீதிமன்றம் நினைத்தால் குறைக்கலாம். நான் ‘குற்றச்சாட்டில் இல்லை’ என்று ஒதுக்கியதை நீதிபதி அந்தப் பிரிவின் வழியாக உள்ளே எடுத்துவந்தார். பதிலியைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள்; அன்றைக்குத் தான் வேலைக்கே வரவில்லை, வீட்டில் விசேஷம் என்று அவர் சொல்லிவிட்டார். பாதிப் பின்சம்பளத்துடன் வேலை கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது 2003-இல். ஆறு வருஷம். அதற்குள் அந்த ரிங் பிரேமையே பிடுங்கி விற்றிருந்தார்கள்.

தீர்ப்பன்று வராந்தாவில் அவர் என்னிடம் வந்தார். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. “நான் சொன்னதைப் பாதியில விட்டுட்டீங்களே சார்” என்றார், பஸ்ஸில் சில்லறை பாக்கி கேட்கிற மாதிரி.

2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. கொந்தளிப்பு எழுந்தது, சில நாட்களில் நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக முதல்வர் அறிவித்தார். அந்த ஒரு வாரம் டிவி விவாதங்களில் எட்டு மணி நேரம் என்ற உரிமையைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். பேசியது நியாயம்தான். எனக்கு மட்டும் அந்த ஹாஜர் புத்தகம்தான் கண்முன் வந்தது. அதில் எட்டு மணி நேரம் அட்சரம் பிசகாமல் இருந்தது.

*

கெட்ட வார்த்தை வழக்குகளைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் டைப்பிஸ்ட் அம்மா கோபித்துக்கொள்வார். இருபது வருஷம் என்னுடன் வந்தவர், தினமும் நெற்றியில் விபூதி. மேலதிகாரியைத் திட்டினார் என்று சார்ஜ் மெமோ கொடுக்கும் அதிகாரிகள் கூச்சப்பட்டு, ‘எழுதத்தகாத வார்த்தைகளால் ஏசினார்’ என்று எழுதிவிடுவார்கள். சட்டத்துக்கு அது போதாது. என்ன வார்த்தை என்று தெரியாமல் குற்றம் சாட்டப்பட்டவர் எதை மறுப்பார்? ஆகவே வார்த்தையைச் சொல்ல வேண்டும், சாட்சி சொல்ல வேண்டும், நான் திருப்பிச் சொல்ல வேண்டும், அம்மா டைப் அடிக்க வேண்டும், அடித்ததை எல்லோருக்கும் உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். அம்மா கந்த சஷ்டிக் கவசம் படிக்கிற அதே குரலில் வாசிப்பார். ஒரு முறை சூப்பர்வைசரே தலையைக் குனிந்துகொண்டு, “போதுங்கம்மா, இந்தக் கேசே வேண்டாங்க” என்று எழுந்துவிட்டார்.

இதிலும் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் இழுக்கும். அப்பழுக்கில்லாத பல வருஷ சர்வீஸ் உள்ளவரை ஒருமுறை வாய் தவறியதற்காக டிஸ்மிஸ் செய்வது அதீதம் என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2005-இல் மஹிந்திரா வழக்கில் மேலதிகாரியைத் திட்டியவரின் டிஸ்மிஸை உறுதி செய்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் பார்ப்பது ஒன்றுதான்: அந்த வார்த்தைக்கு முன்னால் என்ன பேசினார்கள்? பத்தில் ஏழு வழக்கில் முதல் வார்த்தை மேலே இருந்துதான் வந்திருக்கும். அதற்கு மெமோ கிடையாது.

*

புதுத் தலைமுறை வழக்குகள் எல்லாம் செல்போனில் தொடங்குகின்றன. ஒரு இன்ஜினியரிங் கம்பெனி. கேன்டீன் சாம்பாரில் புழு மிதந்ததை ஓர் இளைஞர் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டார். சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் சுற்றியது. மறுநாள் சஸ்பென்ஷன்.

நிர்வாகத்துக்கு ஒரு சிக்கல். நிலையாணையில் பட்டியலிட்டிருக்கும் தவறுகளுக்கு மட்டுமே தண்டிக்கலாம், பட்டியலில் இல்லாததைப் பிறகு யோசித்துச் சேர்க்க முடியாது என்று 1983-இல் கிளாக்ஸோ வழக்கில் தீர்ப்பு உண்டு. அந்தக் கம்பெனியின் நிலையாணைகள் வாட்ஸ்அப் பிறப்பதற்கு நாற்பது வருஷம் முன்னால் சான்றளிக்கப்பட்டவை. தேடித் தேடி ஒரு ஷரத்தைக் கண்டுபிடித்தார்கள்: ‘ஆலை வளாகத்துக்குள் அனுமதியின்றித் துண்டுப் பிரசுரம் விநியோகித்தல்.’

இரண்டு சிட்டிங் முழுக்க, ஸ்டேட்டஸ் என்பது துண்டுப் பிரசுரமா என்று வாதம் நடந்தது. இருபத்து நான்கு மணி நேரத்தில் தானாக மறைந்துவிடும் ஒன்று எப்படிப் பிரசுரம் ஆகும் என்று தொழிலாளிக்கு உதவிக்கு வந்த பையன் கேட்டான். நல்ல கேள்வி. விநியோகம் என்றால் கையில் கொடுக்க வேண்டும், இங்கே பார்த்தவர்கள் தாங்களாகவே போய்ப் பார்த்தார்கள் என்றும் சொன்னான். அவனைச் சட்டக் கல்லூரியில் சேரச் சொன்னேன்.

புழுவைப் பற்றி இருதரப்பும் ஒரு வார்த்தை பேசவில்லை. இருநூற்று ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் வைப்பது அப்போது சட்டக் கட்டாயம். அந்தக் கேன்டீன் எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. எனக்கு மட்டும் சாப்பாடு ஆபீசர்ஸ் மெஸ்ஸிலிருந்து கேரியரில் வந்தது. மூன்றாவது சிட்டிங்கில், இரு தரப்பையும் கூட்டிக்கொண்டு சமையல்கட்டைப் பார்க்க வேண்டும் என்றேன். நிர்வாகப் பிரதிநிதி, “அது சார்ஜ்ல இல்லையே சார்” என்றார். இருபது வருஷம் முன்னால் நான் சொன்ன அதே வாக்கியம். ஸ்டேட்டஸில் இருப்பது பொய் என்று உங்கள் மெமோவின் இரண்டாவது பத்தியில் இருக்கிறது, பொய்யா இல்லையா என்று பார்க்காமல் எப்படி எழுதுவது என்று கேட்டேன். போனோம். பருப்பு டிரம்முக்கு மூடி இல்லை. மூடி எங்கே என்று கேட்டதற்கு, அதில் காய் நறுக்கி வைத்திருப்பதாகச் சமையல்காரர் காட்டினார். அப்படியே பதிவு செய்தேன்.

குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அந்தக் கம்பெனியிலிருந்து அப்புறம் ஒன்றரை வருஷம் எனக்குக் கேஸ் வரவில்லை. மூடி வந்தது என்று கேள்விப்பட்டேன்.

*

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால், சட்டம் ஒரு பக்கம், புத்தி இன்னொரு பக்கம், நான் புத்தியின் பக்கம் என்பது போல் ஆகிவிடும். அப்படி இல்லை. புத்தி என்று நாம் சொல்வதில் பாதி ஊர் வழக்கம். அதை எனக்குக் காட்டியது உள் புகார்க் குழு வேலை.

பணியிடத்தில் பெண்களிடம் பாலியல் சீண்டல் பற்றி 1997-இல் விசாகா தீர்ப்பு வந்தது, 2013-இல் சட்டம் வந்தது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்திலும் குழு வேண்டும், தலைமை ஒரு பெண், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். அந்த வெளியாளாகச் சில இடங்களில் இருக்கிறேன். விவரங்களைப் பேசச் சட்டம் என் வாயைக் கட்டியிருக்கிறது, கட்டியிருப்பது நல்லதுதான். ஆகவே ஒரு வழக்கு என்று இல்லாமல் திரும்பத் திரும்பப் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

புகாருக்கு ஆளானவர் பெரும்பாலும் எல்லோருக்கும் பிடித்தவர். கோயில் திருவிழாவுக்கு நன்கொடை வசூலிப்பவர், யார் வீட்டுச் சாவுக்கும் முதலில் நிற்பவர். ஆலையே வந்து, “அவரு அப்படிப்பட்டவர் இல்லீங்க” என்று சொல்லும். சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களிடம் அவர் அப்படி நடந்ததில்லை. ஊர் புத்தி அதோடு விசாரணையை முடித்துவிடும். சட்டம் முடிக்க விடாது. அந்தப் பெண்ணைத் தனியாக உட்கார வைத்து, அவர் சொல்வதை முழுதாகக் கேட்டு எழுதச் சொல்கிறது, தொண்ணூறு நாளுக்குள் முடிக்கச் சொல்கிறது. அந்தப் பெண்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தொடங்குவார்கள்: “நல்லவருதாங்க. வேலை கத்துக் குடுத்ததே அவருதான். ஆனா…”

அந்த இடத்தில் குழுத் தலைவியான அம்மையார் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார். சில சமயம் பத்து நிமிஷம் ஆகும். நான் மட்டும் தனியாக விசாரித்திருந்தால் அந்தப் பத்து நிமிஷத்தில் அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பேன்.

*

வெளியுலகத்துச் சர்ச்சைகளைப் பேப்பரில் படிக்கும்போதும் கை தானாக மெமோவைத் தேடுகிறது. எங்கேயாவது விபத்து நடந்தால் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ‘இருவர் சஸ்பெண்ட்’ என்று செய்தி வந்துவிடும். மக்கள் ஆறுதல் அடைவார்கள். சட்டத்தின் கண்ணில் சஸ்பென்ஷன் தண்டனையே இல்லை; விசாரணைக்கு இடைஞ்சல் வராமல் ஒதுக்கி வைப்பது, அவ்வளவுதான். சம்பளத்துக்குப் பதில் பிழைப்பூதியம் கொடுத்தாக வேண்டும். தமிழ்நாட்டில் 1981 சட்டப்படி முதல் 90 நாள் பாதி, அடுத்த 90 நாள் முக்கால், அதற்கு மேல் முழுச் சம்பளம். விசாரணையை இழுத்தடித்தால் நிர்வாகத்துக்குத்தான் நஷ்டம் என்று வரும்படி செய்த நல்ல ஏற்பாடு. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலுறவுத் தொகுப்பில் பாதி, அதற்கப்புறம் முக்கால் என்பதோடு நிற்கிறது. 90 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். சாதாரணமாக, என்றும் ஒரு சொல் சேர்த்திருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லை வைத்து எத்தனை வாய்தா வாங்கலாம் என்று எனக்குத் தெரியும்.

பிழைப்பூதியம் கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கோலார் தங்கவயல் வழக்கைத்தான் எல்லோருக்கும் சொல்வேன். தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய சுரங்கம். 1985-இல் அங்கே பாதுகாப்பு அதிகாரி ஒருவரின் வீட்டில் போலீஸ் சோதனை போட்டு, நாலரை கிராம் தங்க உருண்டையும் கொஞ்சம் தங்க மணலும் எடுத்ததாகச் சொன்னது. சஸ்பென்ஷன். பிழைப்பூதியம் வரவில்லை. கையில் காசில்லாமல் கேரளத்துக்குச் சொந்த ஊர் போனவர், உடம்பு சரியில்லாமல், விசாரணைக்குத் திரும்பி வர முடியவில்லை. அவர் இல்லாமலே விசாரித்து டிஸ்மிஸ் செய்தார்கள். பிறகு குற்றவியல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. விசாரணைக்கு வரப் பஸ் காசுகூட இல்லாதபடி ஒருவரை வைத்துவிட்டு ‘அவர் வரவில்லை’ என்று எழுதுவது விசாரணையே இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1999 ஆயிற்று. முழுப் பின்சம்பளத்துடன் வேலை கொடுக்கச் சொன்னார்கள்.

2025 ஜூலை 8 அன்று கடலூர் பக்கம் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். கேட் மூடியிருக்கவில்லை. கேட்கீப்பர் அன்றே சஸ்பெண்ட், கைது. அவர் கேட்டை மூடாதது தவறுதான். அதை மறுக்க நான் யார்? ஆனால் அது இன்டர்லாக் செய்யப்படாத கேட். இன்டர்லாக் இருந்தால் கேட்டைப் பூட்டாமல் சிக்னல் பச்சை ஆகாது. இல்லாத இடத்தில், ஸ்டேஷன் மாஸ்டரும் கேட்கீப்பரும் போனில் பரிமாறிக்கொள்ளும் ஒரு ரகசிய எண்தான் ரயிலுக்கும் வேனுக்கும் நடுவில் நிற்கிறது. விபத்துக்குப் பிறகு இன்டர்லாக்கிங் வேலையை வேகப்படுத்தவும் கேட்களில் சிசிடிவி வைக்கவும் ரயில்வே உத்தரவு போட்டது. அந்த உத்தரவை நான் ஒரு வாக்குமூலமாகத்தான் படித்தேன். அதற்கு மெமோ யாருக்கும் போயிருக்காது.

பொது அறிவைச் சட்டமே எங்களுக்குக் கொடுத்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 1977-இல் ஹரியானா பஸ் கண்டக்டர் ஒருவர் வழக்கு. பதினொரு பேர் டிக்கெட் இல்லாமல் இறங்கியதைச் செக்கிங் ஆட்கள் பிடித்தார்கள். அந்தப் பதினொரு பேரை விசாரணைக்குக் கூப்பிடவில்லையே என்று கண்டக்டர் கேட்டார். உள்விசாரணைக்குச் சாட்சியச் சட்டத்தின் நுணுக்கம் எல்லாம் தேவையில்லை, விவேகமுள்ள ஒருவர் நம்பத்தக்க சான்று இருந்தால் போதும் என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதினார். நிர்வாகங்களுக்கு ரொம்பப் பிடித்த தீர்ப்பு. எனக்கும் பிடிக்கும், வேறு காரணத்துக்காக. நுணுக்கம் எனக்கு வேண்டாம் என்றால், ‘அது சார்ஜில் இல்லை’ என்பதும் ஒரு நுணுக்கம்தானே?

*

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வாசலில் ஒருவர் நின்றார். முடி முழுக்க வெளுத்திருந்ததால் உடனே தெரியவில்லை. தோளில் துண்டைப் பார்த்ததும் தெரிந்தது. அதே துண்டில்லை, அதே மாதிரி.

பையன் ஆன்லைன் சரக்குக் கிடங்கு ஒன்றில் கன்வேயரில் நிற்கிறானாம். திடீரென்று சிவப்புப் பொத்தானை அமுக்கி லைனை நிறுத்திவிட்டான். நாற்பது நிமிஷம் ஓட்டம் போச்சு. ஃபிட்டர் வந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். துண்டுக்காரர் மெமோவை நீட்டினார்: அனுமதியின்றி இயந்திரத்தை நிறுத்தி உற்பத்தி இழப்பு ஏற்படுத்தியது.

“சத்தம் மாறுச்சுங்கறான் சார். மெஷின் சத்தம் மாறினா முதல்ல நிறுத்து, அப்புறம் கேளுன்னு நான்தாங்க அவனுக்குச் சொல்லிக் குடுத்தது. மில்லுல எங்களுக்கு அப்படித்தாங்க.”

நான் நிர்வாகப் பக்கத்து ஆள், தொழிலாளிக்கு எழுதித் தருவதில்லை, சங்க வக்கீல் யாரையாவது பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். “வேற யாருகிட்டயும் போகலீங்க. எதை விட்டா வேலை போகும்னு உங்களுக்குத்தாங்க நல்லாத் தெரியும்.”

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். வீட்டில் காபி கொடுத்தார்கள். பேப்பரை எடுத்து எழுத ஆரம்பித்தேன். ‘ஐயா, தங்களின் குறிப்பாணை கிடைக்கப்பெற்றேன். இயந்திரத்தை நான் நிறுத்தியதை ஒப்புக்கொள்கிறேன்’ என்று எழுதி அவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்து, நான் வைத்திருந்த புள்ளியின் மேல் விரலை வைத்தார்.

“இங்க கமா போடுங்க சார்.”